கடலுக்கு முதுகு காட்டி நின்றவர்

தூத்துக்குடி கடற்கரைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கடலைத்தான் பார்ப்பார்கள். அந்த இளம்பெண் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டி, மேற்கே உப்பளங்களுக்கு மேலே வானத்தைப் பார்த்தபடி நிற்பார். நகம் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் சிவந்திருக்கும்.

சித்திரை கடைசியில் ஒருநாள் கேட்டே விட்டேன். "என்னம்மா தேடுதே?"

"கார்த்திகை நட்சத்திரத்தத்தான்க்கா, கொத்தா இருக்குமே. எங்க வீட்டுக்காரவுக கப்பல்ல வேல பாக்காக. பொழுதடஞ்சதும் அங்கன அவுகளும் இங்கன நானும் அதப் பாக்கணும்னு பேச்சு. கொஞ்ச நாளா போனும் வரல. இப்பம் அதையும் காணலயே."

"பயப்படாத. அது சூரியனுக்குப் பக்கத்துல போயிட்டு, அந்த வெளிச்சத்துல தெரியாது. ஆனியில விடியுமுன்ன கெழக்க, கடலுக்கு மேல தெரியும்."

"அவுக இருக்க எடத்துலயும் தெரியாதா?"

"எங்கனயும் தெரியாது."

"அப்பம் அவுகளும் என்னைய மாதிரி தேடிக்கிட்டுத்தான் நிப்பாக," என்று முதல்முறையாகச் சிரித்தார்.

நல்ல வார்த்தை சொன்ன திருப்தியோடுதான் அன்று வீடு திரும்பினேன். இதோ, ஆனி பிறக்கப்போகிறது. கார்த்திகை நட்சத்திரம் திரும்பி வந்த பிறகும் போன் வராவிட்டால், அவருக்குச் சொல்ல என்னிடம் வேறு காரணம் இல்லை.