அக்காவுக்கு ஓடியது புத்தகம்தான்

எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். வழக்கமாக இந்தப் பக்கத்தைக் குடும்பத்தில் மூத்தவர்தான் எழுதுவார். எங்கள் சித்தப்பாவும் எழுதிக் கொடுத்தார். அக்காவை அமைதியின் உருவம் என்றும், அதிர்ந்து பேசாதவர் என்றும், அடக்கத்தின் இலக்கணம் என்றும் புகழ்ந்துவிட்டு, முடிவில் "அன்னார் அறியாமல் செய்த பிழையை நாம் அனைவரும் மன்னித்து, அவரது ஆன்மா சாந்தியடைய வேண்டுவோம்" என்று ஒரு வரியைச் சேர்த்திருந்தார். அச்சகத்துக்காரர் பிழை திருத்தத்துக்கு என்று அதை எனக்கு அனுப்பினார். படித்ததும் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. என்ன பிழை? யார் செய்த பிழை? அந்தப் பக்கத்தை முழுசாக எடுத்துவிடச் சொல்லிவிட்டு, தங்கை நான் இதை எழுதுகிறேன். நான் வாயாடி என்பது உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அக்கா பேரணாம்பட்டுக்குப் பக்கத்தில் பிறந்தார். அப்பாவுக்குத் தோல் பதனிடும் டேனரியில் வேலை. அம்மா வீட்டில் பீடி சுற்றினார். பத்தாம் வகுப்பில் அக்கா பள்ளியிலேயே இரண்டாவதாக வந்தார். "குடும்பச் சூழ்நிலை காரணமாகப் படிப்பைத் தொடர இயலவில்லை" என்று மற்ற மலர்களில் எழுதுவார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சூழ்நிலைக்கு ஆள் உண்டு. "பொட்டப்புள்ளைக்கு இதுக்கு மேல இன்னாத்துக்குண்ணா படிப்பு?" என்று அப்பாவிடம் வந்து சொன்னவர் சித்தப்பா. அடுத்த மாதமே அக்கா ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் உட்கார்ந்தார். அவர் தைத்த சம்பளத்தில்தான் நான் படித்தேன். இன்று வேலூரில் ஒரு மருந்துக் கடையில் வெள்ளைக் கோட்டு போட்டு நிற்கிறேன்.

திருமணம் நடந்தது. மாமா நல்ல மனிதர், சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் காய்ச்சலில் இறந்தபோது அக்காவின் மகள் ஆரம்பப் பள்ளியில் இருந்தாள். அப்போது உதவி செய்ய வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அறிவுரை சொல்ல வந்தவர்களுக்குத்தான் வீட்டில் நாற்காலி போதவில்லை. தாலி போன பெண் பூ வைக்கக் கூடாது, சிரித்துப் பேசக் கூடாது, வேலை விட்டால் வீடு என்று இருக்க வேண்டும் என்றார்கள். அக்கா எல்லோருக்கும் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, மறுநாள் காலை கம்பெனி பஸ் ஏறினார்.

அந்த பஸ்ஸைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூர் போகும் அந்த பஸ்ஸில் பின்சீட்டுப் பெண்கள் சிலர் புத்தகம் படித்தார்கள். நூலகத்தில் எடுத்தது, புத்தகக் கண்காட்சியில் வாங்கியது, பழைய பேப்பர் கடையில் பொறுக்கியது, எல்லாம் அந்தச் சீட்டில் கை மாறும். ஆரம்பித்து வைத்தவர் ஷமீம். அக்காவைவிட மூத்தவர், எல்லோருக்கும் ஆபா, உருதுவில் அக்கா என்று பொருள். அடுத்து எஸ்தர், வயதில் சின்னவர், வாயில் பெரியவர். மூன்றாவது ஆளாக அக்கா போய்ச் சேர்ந்தார்.

கம்பெனியில் ஒரு ஷூ மாடலுக்கு ஆர்ட்டிகிள் என்று பெயர். லைனில் இன்று எந்த மாடல் தைக்கிறார்கள் என்று கேட்க வேண்டுமானால் "லைன்ல இன்னா ஓடுது?" என்பார்கள். பின்சீட்டுப் பெண்கள் அதையே புத்தகத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். நீ இப்போது என்ன புத்தகம் படிக்கிறாய் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. "உனக்கு இன்னா ஓடுது?" அவ்வளவுதான்.

நானும் சில நாள் அந்த பஸ்ஸில் போயிருக்கிறேன். ஒரு நாள் ஏறி உட்கார்ந்ததுமே எஸ்தர் கேட்டார்.

"ஆபா, இன்னா ஓடுது?"

"தேனீ வளக்கிறவன் கதம்மா. மொதல்ல கொஞ்சம் பல்லக் கடிச்சினு படிக்கணும். அப்பால நீ உட்டாலும் அது உடாது."

"எனக்குக் குடு ஆபா."

அக்கா குறுக்கே கையை நீட்டினார். "இவளுக்குக் குடுக்காத ஆபா. அதுல ஒரு மாமியார் வருது, அப்படியே இவ மாமியார். படிச்சா மறுநாள் இவ கம்பெனிக்கு வர மாட்டா, நேரா போலீஸ் ஸ்டேஷன்தான் போவா."

பஸ்ஸே சிரித்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "இன்னாம்மா அங்க?" என்று அதட்டினார். அக்கா, "உனக்கும் ஒண்ணு வச்சிகீறேன்ணா, வண்டிய நிறுத்திட்டுப் படி" என்றார். அதிர்ந்து பேசாதவராம்! எங்கள் அக்கா பேசினால் அடுத்த பஸ்ஸில் கேட்கும்.

அவர்களுக்குள் ஒரு சட்டமும் இருந்தது. ஒரு குறையாவது சொல்லாமல் புத்தகத்தை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. "கொறையே இல்லன்னு பாஸ் பண்ற செக்கர நம்பாத" என்பார் அக்கா, கம்பெனியில் தைத்த ஷூவைச் சோதித்து அனுப்புகிறவரை மனதில் வைத்து. நல்ல புத்தகம், கெட்ட புத்தகம் என்று அவர் பிரித்து நான் கேட்டதில்லை. "உனக்கு ஒத்து வரும்", "உனக்கு ஒத்து வராது", இரண்டே வார்த்தைகள்தான். அவர் ஒத்து வரும் என்று எனக்குக் கொடுத்ததில் ஒன்றுகூடத் தப்பியதில்லை. அப்படிப் பார்த்துக் கொடுக்க, புத்தகம் தெரிந்தால் மட்டும் போதாது, ஆளையும் தெரிந்திருக்க வேண்டும். அக்காவுக்கு ஆட்களைத் தெரியும். நம் குடும்பத்துக்குத்தான் அக்காவைத் தெரியவில்லை.

இப்போது அந்தப் "பிழை"க்கு வருகிறேன். அக்கா மகளுக்கு நாட்றம்பள்ளியில் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். அது சித்தப்பா கொண்டு வந்த இடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அது பற்றிப் பேச வந்து ஹாலில் உட்கார்ந்திருந்தார். அக்கா சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். எஸ்தரிடமிருந்து போன் வந்தது. கை ஈரம் என்பதால் அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"உனக்கு இன்னா ஓடுதுக்கா?"

"எனக்கு ரெண்டு ஓடுது. பழசு ஒரே பேஜாரு, பாதியில உட்டுட்டேன். புதுசு சூப்பரா கீது. ராத்திரில தூங்கவே உட மாட்டுது. நான் முடிச்சிட்டு உனக்கு அனுப்புறேன், நீ வச்சிக்கோ. உங்க வீட்டுக்காரர் கண்ணுல மட்டும் காட்டிடாத!"

எஸ்தரின் கணவர் புத்தகத்தைக் கிழித்து அடுப்பு பற்ற வைக்கிறவர். அதற்காகச் சொன்னது இது. ஆனால் ஓர் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே "ஏதோ ஓடுது" என்று நம் ஊரில் எதைச் சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். சித்தப்பா உள்ளே எட்டிப் பார்த்து, "இன்னாம்மா அது?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய், தெருமுனையில் நின்று வரிசையாக எல்லோருக்கும் போன் போட்டார். மாலைக்குள் எங்கள் சொந்தத்தில் அக்காவுக்கு இரண்டு ஆண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. அக்கா "கீது" என்றாரா, "கீறான்" என்றாரா? "உட மாட்டுது" என்றாரா, "உட மாட்றான்" என்றாரா? ஆளைச் சொன்னால் எப்படிப் பேசுவோம், பொருளைச் சொன்னால் எப்படிப் பேசுவோம் என்று பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் வேலூரிலிருந்து ஓடி வந்து இதைத்தான் கேட்டேன். சித்தப்பா சொன்ன பதிலைக் கேளுங்கள்: "உஷாரா அது இதுன்னு பேசுறாம்மா. நான் எத்தினி பேர பாத்துகீறேன்." தமிழ் இலக்கணத்தையே ஒருவர் இப்படிக் கூட்டிக் கொடுக்கும் வேலைக்கு வைத்து நான் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு அக்கா வீட்டில் பெரியவர்கள் கூடினார்கள். "யாரு அவன்?" என்று கேட்டதும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பையும் திமிர் என்றார்கள். அக்கா உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து சித்தப்பா கையில் கொடுத்தார். "இதான் சித்தப்பா ஓடுது." அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "புக்கு இன்னா, ராத்திரில தூங்க உடாதா? யார்கிட்ட காது குத்துற?" என்று நாற்காலிக்குக் கீழே போட்டார். பொருள் தெரியாதவர்களிடம் போய்ப் பொருளைக் காட்டி என்ன பயன்?

வரனை நிறுத்தியவரும் அவரே. பையன் வீட்டுக்காரர்கள் கேட்காமலே, "பொண்ணோட அம்மா சரியில்ல" என்று அவராகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அந்த வார்த்தை அக்காவைக் கொன்றது என்று எழுத மாட்டேன். அக்கா இறந்தது நோயில். ஆனால் அந்த வார்த்தைக்குப் பிறகு சொந்தத்தில் எந்த விசேஷத்துக்கும் அக்காவுக்குப் பத்திரிகை வரவில்லை. அவர் உயிரோடு இருந்த கடைசி நாட்கள் முழுக்க நாம் அவரைத் தள்ளி வைத்திருந்தோம். இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு அது நன்றாகத் தெரியும்.

வேலூர் ஆஸ்பத்திரியில் அக்கா கிடந்தபோது சொந்தம் என்று எட்டிப் பார்த்தவர்கள் குறைவு. ஷமீம் ஆபாவும் எஸ்தரும் முறை வைத்து வந்தார்கள். அக்காவுக்குக் கண் மங்கிய பிறகு பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினார்கள். பக்கத்துக் கட்டில் அம்மாவும் கேட்க ஆரம்பித்து, "நேத்து உட்ட எடத்துலருந்து படிம்மா" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது. இப்படி இருந்தவர்களை, அக்காவை வீட்டில் கிடத்தியிருந்த அன்று, "நீங்கதான அவளக் கெடுத்தது" என்று சொல்லிச் சொந்தக்காரர்கள் தெருவிலேயே நிறுத்தினார்கள். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள். நான் போய்க் கையைப் பிடித்து அழைத்து வரும்வரை ஒருவரும் வழி விடவில்லை.

ஷமீம் ஆபாவுக்கு என் நன்றி. எஸ்தருக்கு என் நன்றி. பெயர் தெரியாத பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கும், சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை என்று பாதி நாளில் இறங்கி ஓடி வந்த தையல் பிரிவுப் பெண்களுக்கும், அவர்களை ஆஸ்பத்திரி வாசல் வரை கொண்டு வந்து விட்ட கம்பெனி பஸ் டிரைவர் அண்ணனுக்கும் நன்றி. இன்று முன்வரிசை அவர்களுக்கு. வேறு யாரும் அங்கே உட்கார வேண்டாம்.

கடைசி வாரத்தில் ஒரு மதியம் நான் அக்காவிடம் கேட்டேன். "ஏன்க்கா, பெரியவங்க வந்து கேட்ட அன்னைக்கு அப்புறம் அதப் பத்தி நீ ஒரு வார்த்த கூட பேசலியே? உன் வாய்க்கு இன்னா ஆச்சி?"

அக்காவுக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னார். "ஆம்பள கீறான்னா கண்ணால பாக்காமயே நம்புறாங்க. புக்கு கீதுன்னு கையில குடுத்தாலும் நம்ப மாட்றாங்க. அப்பால இன்னா பேசுறது? ஆனா எம்பொண்ணுகிட்ட யாராச்சும் சொல்லணும்டி. அவளுக்குத் தெரியும், இருந்தாலும் ஊர் சொல்லி அவ கேக்கணும்."

சித்தப்பா, நீங்கள் இப்போது இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். அக்காவின் மகள் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். எழுந்து அவளிடம் போங்கள். "உங்கம்மா புக்குதாம்மா படிச்சினு இருந்தா, நான்தான் தப்பா சொன்னேன்" என்று பந்தியில் இருக்கும் அத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். சொல்லிவிட்டு வந்து உட்காருங்கள். உங்களுக்கு இலையை நானே போடுகிறேன். அதுவரை உங்களுக்கு இங்கே இலை இல்லை.