சிவப்புத் துணி கட்டிய குச்சி

இங்கே விழுந்த மட்டையை யாரும் கொளுத்துவதில்லை. ஊரில் இருக்கிற நீங்கள் நம்ப மாட்டீர்கள். கடல் தாண்டி, கோலா சாவா பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகியும் எனக்கு அது பழகவில்லை. வெட்டிய மட்டையை வரிசைக்கு நடுவே அடுக்குவது என் வேலை. அப்படியே மக்க விடுவார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த தீப்பெட்டி இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது. "பீடியும் குடிக்க மாட்ட. யாரு வீட்டக் கொளுத்தப் போற?" என்று எங்களை வேலை வாங்கும் மண்டோர் முனியாண்டி கிண்டல் செய்வார்.

கொடைக்கானல் மலையில் பைன் காட்டுச் சருகைக் கொளுத்துவதுதான் முன்பு என் பிழைப்பு. கோடையில் பெருந்தீ பிடிக்காமலிருக்க முன்கூட்டியே சின்னத் தீ வைப்போம். ஒரு வருடம் ஆராய்ச்சிக்காரர் ஒருவர் வந்து, சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை நட்டார். தீக்கு முன்னும் பின்னும் மண் எடுத்தார். சருகைக் கிளறி, வேரில் ஒட்டிய வெள்ளை நூல்களைக் காட்டினார். பூஞ்சையாம். மரத்துக்குச் சோறு ஊட்டுவதாம். மேல்மண் அதிகம் சூடானால் அதுவும், கண்ணுக்குத் தெரியாத மற்ற உயிர்களும் சாகுமாம். சில சீக்கிரம் திரும்பும், வெள்ளை நூல் திரும்ப வருடக்கணக்காகும் என்றார். தலையாட்டினேன். அடுத்த வருடம் எங்களைக் கொளுத்தக் கூப்பிடவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. எனக்கு அந்தக் குச்சிகள் மேல்தான் சந்தேகம். வேலை தேடி இங்கே விமானம் ஏறினேன்.

போன வாரம் என் வரிசையில் அதே மாதிரிக் குச்சி. பக்கத்தில் ஐஸ் பெட்டியோடு ஒரு பெண் மண் எடுத்துக்கொண்டிருந்தாள். ஷாலினி, பக்கத்து நகரமான சிரம்பானில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

"எதுக்கும்மா மண்ணு?"

"மட்டைக்குக் கீழ என்ன உயிர் இருக்குன்னு பாக்கத்தான் அண்ணே."

"பாத்துட்டு வேலைய நிறுத்திருவீங்களா?"

வானத்தைப் பார்த்தாள். "மழ வந்தா நிறுத்தித்தானே ஆகணும்லா."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. முனியாண்டியிடம் போனேன். "அது மண்ணத்தானய்யா அள்ளுது, உன்னையா அள்ளுது? மட்ட அடுக்க ஆள் வேணாமா?" என்றார். மலையில் எங்களைக் கொளுத்தக் கூப்பிடும் காண்ட்ராக்டரும் அன்று இப்படித்தான் சொன்னார். இங்கே வேலை பெர்மிட் போனால் எனக்கு ஊருக்குத் திரும்பிப் போய்ச் செய்ய வேலை இல்லை.

நேற்று குச்சியைப் பிடுங்கினேன், வீசிவிடலாம் என்று. நுனியில் ஈர மண்ணோடு மக்கின மட்டைத் துண்டு. அதில் வெள்ளை நூல். பைன் சருகுக்கு அடியில் பார்த்த மாதிரியே. மலையில் மழைக்குப் பிறகு, எரிந்த இடத்தைத் தனியாகப் போய்க் கிளறிப் பார்த்தது ஞாபகம் வந்தது. கரிதான் இருந்தது, ஒரு வெள்ளை நூல்கூட இல்லை. அந்த ஆராய்ச்சிக்காரர் பொய் சொல்லவில்லை.

தூறல் விழுந்தது. குச்சியை அதே குழியில் நட்டேன். அவளை நம்பி அல்ல. நூல் அறுந்துவிடக் கூடாதே என்றுதான். ஒரு கை மண்ணை அமுக்கியது. இன்னொரு கை, தீப்பெட்டி நனையாமல் சட்டைப் பையைப் பொத்தியிருந்தது.