முதலில் சிரித்தவர் யார்?

சமூக ஊடகத்தில் ஆங்கிலம் படிக்கலாமா? — போன சனிக்கிழமை வட்டுக்கோட்டையில் நான் ஆங்கிலம் கற்பிக்கும் ரியூட்டரி வகுப்பில் இந்தக் கேள்வியைப் போட்டேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வேலை தேடும் பிள்ளைகள். ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள்.

உச்சரிப்புக்கு வீடியோவைப் போல வராது என்றான் ஒருவன். ஆங்கிலம் பார்க்கத்தான் போனைத் திறக்கிறோம், கடைசியில் பார்ப்பதெல்லாம் கிரிக்கெட் என்று உண்மையை ஒப்புக்கொண்டான் இன்னொருவன். ஆங்கில வகுப்பில் இவ்வளவையும் சொன்னது தமிழில்தான்!

தர்சிகா மட்டும் வழக்கம்போல வாய் திறக்கவில்லை. எனக்கு அவளைப் பற்றித்தான் கவலை. கொழும்பில் ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வு வருகிறது — முழுக்க ஆங்கிலத்தில். பேசாத பிள்ளை அங்கே போய் என்ன செய்யும்?

அப்போது பக்கத்திலிருந்த தோழி தன் போனை என்னிடம் நீட்டினாள். வீடியோவில் வெங்காயம் பிடுங்கும் இரண்டு கைகள். முகம் தெரியவில்லை. குரல் தர்சிகாவுடையது... ஆங்கிலத்தில் மடமடவென்று பேசுகிறது! பிழைகள் இருந்தன. இருந்தால் என்ன? தினமும் ஒன்று போடுகிறாளாம்.

“இவ்வளவு கதைக்கிற நீர், வகுப்பிலை ஏன் பிள்ளை வாயைத் திறக்கிறேல்லை?” என்று கேட்டேன்.

“போனுக்குள்ளை ஆர் சிரிக்கினம் எண்டு எனக்குத் தெரியாது, சேர். இஞ்சை தெரியும்.”

“இஞ்சை ஆர் சிரிச்சது?”

“முதல் நாள்... நீங்கள்தான், சேர்.”

சுருக்கென்றது. கோபமும் வந்தது. நானா? வீட்டுக்கு வந்து மனைவியிடம் நியாயம் கேட்டேன். “சிரிச்சிருப்பியள்” என்று ஒரே சொல்லில் வழக்கை முடித்துவிட்டாள். யோசித்துப் பார்த்தேன். அந்தப் பிள்ளை தடுமாறியதும் நான் சிரித்ததும் ஞாபகத்துக்கு வந்தன. வெட்கமாக இருந்தது.

நம் முன்னால் பிழை விட முடியாமல்தான் பிள்ளைகள் போனுக்குள் போய்ப் பேசுகிறார்கள். இதற்குப் போனைத் திட்டி என்ன பயன்? மன்னிப்புக் கேட்டாலும் பயம் போய்விடுமா?

மறுநாள் காலை ஒரு காரியம் செய்தேன். என் சிங்களத்தின் லட்சணம் கொழும்பு பஸ் கண்டக்டர்களுக்குத் தெரியும் — கையைக் காட்டித்தான் இறங்குவேன். அந்தச் சிங்களத்தில் ஒரு நிமிடம் பேசி, முகம் தெரிய வீடியோ எடுத்து, வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன்.

சிரிப்பு இமோஜிகள் வந்து குவிந்தன. சிங்களம் தெரிந்த ஒருவன் பிழைகளைத் திருத்தி அனுப்பினான். அடுத்த நாள் திருத்திப் பேசினேன். புதுப் பிழைகள்... மறுபடியும் சிரிப்பு. உள்ளுக்குள் குறுகித்தான் போனேன். ஆனாலும் ஒரு நாள்கூட நிறுத்தவில்லை.

இந்தச் சனிக்கிழமை வகுப்பில் தர்சிகா எழுந்து நின்றாள். முதல் நாளுக்குப் பிறகு அன்றுதான் என் முன்னால் ஆங்கிலத்தில் பேசினாள். என் சிங்களம் படுமோசமாம். ஆனாலும் நான் முயற்சியை விட்டுவிடக் கூடாதாம். புதன்கிழமை நேர்முகத் தேர்வில் தானும் விடப்போவதில்லையாம்.

வகுப்பே சிரித்தது — இந்த முறை என்னைப் பார்த்து.