மூன்று அருவிக்கு ஒரே வரி

ஜூலை பதினெட்டு, காலை ஐந்து நாற்பது, சாரல். மேற்கே மலை தெரியவில்லை. குற்றாலத்தில் நான் உதவிக்குப் போய்வந்த விடுதியின் கணினியில், மேலாளரம்மா கைப்பட எழுதிய மூன்று கட்டளை வரிகள் கொண்ட சீட்டு ஒட்டியிருந்தது. பேரருவிக்கு ஒரு வரி, ஐந்தருவிக்கு ஒன்று, பழைய அருவிக்கு ஒன்று.

அவர் ஆலங்குளத்துக்காரர். எந்த அருவிக்குப் போகிறார்கள் என்று எழுதிக்கொள்ளாமல் யாரையும் வெளியே விடமாட்டார். வெள்ளம் வந்தால் அவர்களுக்குக் குறுஞ்செய்தி போவதற்காக, பணி ஓய்வுக்குப் பிறகு பைதான் என்ற நிரல்மொழி கற்ற நான் ஒரு நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். --aruvi என்று போட்டு அருவியின் பெயரைக் கொடுத்தால் அங்கே போனவர்களுக்குச் செய்தி போகும். அவர் அதை மூன்று முறை தனித்தனியே ஓட்டுவார். அன்று மலைமேல் தோட்டத்திலிருந்து, தண்ணீர் கலங்கி இறங்குகிறது என்று போன் வந்தது. மூன்று தடவை எதற்கு என்று, நானே ஒரே வரியில் --aruvi என்பதை ஒவ்வோர் அருவியின் பெயரோடும் மூன்று முறை போட்டு ஓட்டினேன். பிழை எதுவும் வரவில்லை. ‘அனுப்பியது: 14’ என்றது திரை. நான் எழுந்து குடையைத் தேடினேன்.

"படிக்கட்டெல்லாம் எண்ணுதிய சார், இத எண்ணலையே" என்றார், படி ஏறினாலே எண்ணும் என் பழக்கம் தெரிந்த மேலாளரம்மா. "நாப்பத்து மூணு பேருல்லா போயிருக்காவ?"

பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும் என்று நம்பியிருந்தேன். சேர்க்கும்படி நாம் சொல்லாவிட்டால், கடைசியாக வந்த பெயர் முந்தையவற்றை அழித்துவிடும். பழைய அருவிக்குப் போன பதினான்கு பேருக்கு மட்டுமே செய்தி போயிருந்தது. பேரருவிக்குப் போன பதினேழு பேரையும் அவர் போனிலேயே பிடித்துவிட்டார். ஐந்தருவிக்குப் போன பன்னிரண்டு பேரில் ஒருவரும் எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து ஓடினேன். அந்தப் பாதையில் மட்டும் நான் எதையும் எண்ணவில்லை.

பன்னிரண்டு பேரும் கரையில் நின்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். போன்களெல்லாம் வேனில் இருந்தன. இரண்டு முறை தலைகளை எண்ணி ஏற்றிவிட்டேன். எட்டாவது நிமிடம் அருவி செம்மண் நிறத்தில் இறங்கியது.

அன்றைக்கே, கொடுக்கும் பெயர்களெல்லாம் சேரும்படி நிரலில் action="append" என்று சேர்த்தேன். பட்டியலில் உள்ள தலைகளும் போன செய்திகளும் ஒத்துப்போகாவிட்டால் திரை சிவக்கும்படியும் செய்தேன். மேலாளரம்மா இப்போது வேறு ஊர் விடுதியில் இருக்கிறார். இந்தச் சீசனில் ஒரே வரி மூன்று அருவிக்கும் சரியாகப் போகிறது. ஆனாலும் அவருடைய சீட்டை நான் கிழிக்கவில்லை. அன்று எனக்கு ஆன மொத்தச் செலவு, ஆட்டோவுக்கு இருநூற்று நாற்பது ரூபாய்.