கடைசி பஸ்ஸும் நாலாவது குவார்ட்டரும்

இந்த வருஷப் போட்டி அட்டவணையைத் தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது நான் வேலை செய்கிற கண்டி பார்மசியில் ஒருவருக்கு இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கண்டியில் ஐந்து ஆட்டம். ஐந்தும் சனிக்கிழமை. ஐந்தும் மாலை ஐந்து மணிக்கு. படித்துவிட்டு, "நாசமாப் போக" என்றேன். இருமல்காரர் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து இரண்டடி பின்னால் போனார். அவரைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் எனக்கு இருமல் வந்துவிட்டது.

என் தம்பி சம்பளத்துக்குப் பாஸ்கட்போல் விளையாடுகிறவன். கண்டியில் இதைச் சொன்னால் முதலில் ரக்பியை நினைத்து "ரகர்தானே?" என்று கேட்பார்கள். இல்லை, பாஸ்கட்போல் என்றால் முகத்தில் ஒரு அனுதாபம் வரும். ஒரு கம்பெனி கண்டியின் பெயரில் அணி ஒன்று வைத்திருக்கிறது. பன்விலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆறடிக்கு மேல் ஒருவன் வளர்ந்து நிற்கிறான் என்று கேள்விப்பட்டு, அவர்களே வந்து இவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வாசலுக்கு வாசல் குனிந்து போனவன், அந்த அணியில் போய் நின்றால் நடுத்தர உயரம். பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான்.

போன வருஷம் கண்டியில் நடந்த ஆறு ஆட்டத்துக்கும் அம்மா வந்தார். ஆறிலும் தம்பி விளையாடினான். ஒன்றில்கூட அவன் விளையாடியதை அம்மா பார்க்கவில்லை.

இதில் மாயமந்திரம் ஒன்றுமில்லை. ஆட்டத்தை நாலு குவார்ட்டராகப் பிரித்து ஆடுவார்கள். வெற்றியோ தோல்வியோ நிச்சயமான பிறகு, நாலாவது குவார்ட்டரின் கடைசி இரண்டு மூன்று நிமிஷத்துக்குக் கோச் என் தம்பியை எழுப்பி விடுவார். ஐந்து மணி ஆட்டம் ஐந்து மணிக்குத் தொடங்குவதும் இல்லை. யாராவது ஒரு பெரிய மனிதர் வந்து குத்துவிளக்கு ஏற்ற வேண்டும், அவரோடு வந்தவர்கள் ஆளுக்கொரு திரி ஏற்ற வேண்டும், பிறகு பேச வேண்டும். எல்லாம் முடிந்து தம்பி ஜாக்கெட்டைக் கழற்றும்போது மணி ஏழை நெருங்கிவிடும். எங்கள் தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் ஆறரைக்கு. ஆறு பத்துக்கு அம்மா எழுந்துவிடுவார்.

என்னோடு தங்கலாமே என்று கேட்பீர்கள். நான் இருப்பது ஒரு போர்டிங்கில். அந்த வீட்டு அம்மா, இரவில் ஒரு தலை கூடினால் தண்ணீர்த் தாங்கி வற்றிவிடும் என்று நம்புகிறவர். ஆட்டோவில் ஏறினால் அம்மாவுக்கு வாந்தி. இதெல்லாம் போக, வீட்டில் ஒரு மாடு இருக்கிறது. விடிகாலையில் பால் கறக்க அம்மாவைத் தவிர வேறு எவரையும் அது கிட்ட விடாது. அப்பா உயிரோடு இருந்தபோது அவரையும் ஒரு தடவை உதைத்திருக்கிறது.

அந்தக் கடைசி பஸ்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் தோட்டத்திலிருந்து டவுனுக்கு இறங்கியவர்களைக் கண்டக்டர் மனதில் எண்ணி வைத்திருப்பார். மாலையில் ஒரு தலை குறைந்தாலும் பஸ்ஸை எடுக்க மாட்டார். பஸ் நிலைய டைம் கீப்பர் விசில் அடித்துத் திட்டினால், டிரைவர் பஸ்ஸை நாலடி முன்னே எடுத்து மறுபடி நிறுத்துவார். ஆஸ்பத்திரி க்ளினிக் போனவர், கோர்ட்டுக்குப் போனவர், நகை அடகு வைக்கப் போனவர் என்று எல்லோருக்காகவும் அந்த பஸ் நின்றிருக்கிறது. அம்மாவுக்காகவும் நிற்கும். அது தெரிந்துதான் அம்மா ஒரு நாளும் அதை நிற்கவிட்டதில்லை.

"நாப்பது பேரு புள்ள குட்டியோட ஒக்காந்திருப்பாங்க. நான் பந்து பாக்கணும்னு அவங்களக் காக்க வைக்கிறதா? வெக்கங்கெட்ட வேல" என்பார்.

ஆகவே அம்மா பார்த்ததெல்லாம் தம்பி பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைத்தான். அதையும் ரசித்துப் பார்த்தார். பெஞ்சுக்கு நேர் பின்னால் இடம் பிடித்து, அவன் முதுகைப் பார்த்தபடி இருப்பார். "மத்தவனெல்லாம் வேர்க்க விறுவிறுக்க ஓடுறானுங்க, நம்ம புள்ள எவ்ளோ மரியாதையா ஒக்காந்திருக்கு பாரு" என்று ஒரு நாள் சொன்னார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மைதானத்தில் இருந்து வந்த ஒருவனுக்குத் தம்பி தண்ணீர்ப் போத்தல் எடுத்துக் கொடுத்தபோது அம்மா கை தட்டினார். ஹாலில் தட்டியது அவர் மட்டும்தான்.

சரி, அடுத்த வருஷம் பார்க்கட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் தம்பிக்குக் கட்டாரில் ஒரு சாமான் களஞ்சியத்தில் வேலை கிடைத்துவிட்டது. பந்து இல்லை, பெட்டி. போட்டிகள் முடிந்த கையோடு பயணம். அவன் விளையாடுவதை அம்மா பார்ப்பதென்றால் இந்த ஐந்து ஆட்டத்துக்குள்தான்.

முதல் ஆட்டத்துக்கு முன்பே கோச்சிடம் போனேன். அவர் சிங்களவர், நல்ல மனிதர், கழுத்தில் எப்போதும் வேர்வை துடைக்க ஒரு துவாய். என் தம்பியைக் கடைசியில் விடுவதற்குப் பதில் முதல் மூன்று நிமிஷம் விட்டால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். பஸ், மாடு, வாந்தி எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டு, "நங்கி" என்று தங்கச்சி முறை சொல்லி, "இது ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் மீட் இல்லை" என்றார்.

தம்பிக்கு விஷயம் போய்ச் சேர்ந்தது. "ஏன்க்கா இப்பிடி மானத்த வாங்குற? டீம்ல எல்லாரும் 'மாடு கறந்தாச்சா'ன்னு கேக்குறானுங்க" என்று போனில் கத்தினான். பிறகு இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. முதல் இரண்டு ஆட்டமும் பழையபடியே போயின. அம்மா முதுகைப் பார்த்தார், ஆறு பத்துக்கு எழுந்தார்.

மூன்றாவது ஆட்டத்தில் நான் பொய் சொன்னேன். அம்மா கைக்கடிகாரம் கட்டுவதில்லை. ஹால் நாலு பக்கமும் மூடியிருக்கும், வெளியே இருட்டியதும் தெரியாது. "மணி என்னாடி?" என்று கேட்டார். ஆறு பத்து. "அஞ்சே முக்கால்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். "ஆறாகப் போவுது" என்றேன். போன வருஷம் முழுக்க உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்த முட்டாள்தனத்தை நினைத்து என்னையே திட்டிக்கொண்டேன்.

ஆனால் அன்றைக்கென்று ஆட்டம் இழுபறி. ஒரு பக்கம் போட்டால் மறுபக்கம் போடுகிறான். கோச் துவாயைக் கடித்துக்கொண்டு நின்றார், பெஞ்சின் பக்கமே திரும்பவில்லை. அந்த நேரத்தில் என் போன் அடித்தது. கண்டக்டர். அவர் குரல் பஸ்ஸுக்கு வெளியே ஊர் பெயர் கூவிப் பழகிய குரல். "அக்கா, அம்மா எங்க? மணி ஏழாவுது, எல்லாரும் ஏறி ஒக்காந்தாச்சு!"

அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தார். அடித்திருந்தால் தேவலை. படியிறங்கி ஓடினார், நானும் பின்னால் ஓடினேன். எங்கள் அணி ஒரே ஒரு புள்ளியால் வென்றதாம், ஹாலுக்குள் வெடித்த சத்தம் ரோட்டுவரை கேட்டது. ஒரு வெற்றியை நான் அவ்வளவு வெறுத்ததில்லை. தம்பி அன்று பெஞ்சை விட்டு எழும்பவே இல்லை.

பஸ்ஸில் யாரும் அம்மாவை ஒரு சொல் சொல்லவில்லை என்று கண்டக்டர் பிறகு சொன்னார். க்ளினிக் போய் வந்த ஒரு வயதானவர் பசியோடு உட்கார்ந்திருந்தாராம். அதுதான் அம்மாவுக்குத் தாங்கவில்லை. ஒரு வாரம் என் போனை எடுக்கவில்லை. நாலாவது ஆட்டத்துக்கு வரவில்லை. மாட்டுக்குச் சுகமில்லை என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி அனுப்பினார். மாடு நன்றாகத்தான் இருந்தது. அன்று தம்பி நாலு நிமிஷம் விளையாடினான், இரண்டு தரம் கூடைக்குள் போட்டான். நான் பார்த்தேன். எனக்கு அவன் மேலேயே எரிச்சலாக இருந்தது.

கடைசி ஆட்டம் சனிக்கிழமை, பயணம் செவ்வாய்க்கிழமை. அம்மா வரமாட்டார் என்றே நினைத்தேன். வந்தார். திருவிழாவுக்குக் கட்டுகிற சேலை. என் பக்கத்தில் உட்கார்ந்து பெஞ்சைப் பார்த்தார். நானும் பொய் சொல்வதில்லை என்று தீர்மானித்திருந்தேன். அதற்குப் பதிலாக, எங்கள் அணி படுதோல்வி அடைய வேண்டும் என்று காலையில் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டு வந்திருந்தேன். பிள்ளையார் கைவிடவில்லை. மூன்றாவது குவார்ட்டரிலேயே முப்பது புள்ளி பின்னால் நின்றார்கள். சுற்றியிருந்தவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டிருக்க, நான் சந்தோஷமாகக் கடலை கொறித்தேன்.

ஆறு பத்து ஆனது. அம்மா அசையவில்லை.

"அம்மா, ஆறு பத்து" என்றேன்.

திரும்பவில்லை.

"அம்மா, பஸ்ஸு..."

"நான் ஒன்கிட்ட மணி கேட்டேனா?"

ஆறரைக்குக் கண்டக்டர் போன் அடித்தார். அம்மா என் கையிலிருந்து அதை வாங்கி, இரு கையாலும் பிடித்துக்கொண்டு, "தம்பி, இப்ப வர ஏலாது. எம் மகன் வெளாடப் போறான்" என்றார். மகனை இன்னும் யாரும் கூப்பிடவில்லை. முதுகுதான் தெரிந்தது. ஆறே முக்கால். கோச் வேறொரு பையனை எழுப்பினார். இரண்டு நிமிஷம் மிச்சம் என்று பலகை காட்டியபோது கோச் பெஞ்சைப் பார்த்துக் கையசைத்தார். தம்பி ஜாக்கெட்டைக் கழற்றினான்.

ஓடினான். இங்கேயும் அங்கேயும் ஓடினான், யாரும் பந்து கொடுக்கவில்லை. பிறகு ஒருவன் கொடுத்தான். முன்னால் ஆளே இல்லை, கூடை சும்மா நிற்கிறது. அவன் ஒரு கணம் யோசித்தான். அம்மா எழுந்து நின்று, மலைச்சரிவில் இந்தத் தேயிலை நிரையிலிருந்து அந்த நிரைக்குக் கூப்பிடுகிற குரலில், "எறிடா!" என்று கத்தினார்.

தம்பி திரும்பிப் பார்த்தான். அந்த நேரத்தில் அம்மா பஸ்ஸில் இருப்பார் என்றுதான் இரண்டு வருஷமாக அவனுக்குத் தெரியும். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவையே பார்த்து நின்றான். எதிர் அணிக்காரன் வந்து, சும்மா இருந்த கையிலிருந்து எடுப்பதுபோல் பந்தை எடுத்துக்கொண்டு போனான். கோச் கத்தினார். தம்பி அப்போதும் எங்கள் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

விசில் அடித்ததும் மூன்று பேரும் ஓடினோம், அவன் விளையாட்டு உடுப்போடேயே வந்தான். பஸ் நின்றிருந்தது. அம்மா படியில் ஏறி உள்ளே பார்த்து, "எம் மகன் வெளாடுனத பாத்துட்டு வர்றேன், அதான் லேட்டு" என்றார். தாழ்ந்த குரலில் சொல்லவில்லை. பிறகு ஜன்னலுக்கு வந்து உட்கார்ந்து தம்பியைப் பார்த்தார்.

"என்னாடா, பந்த விட்டுட்டியே."

"நீதானம்மா கத்துன."

"கத்துனா? நான் என்ன ஓடியா போயிருவேன்? பந்தப் போட்டுட்டுப் பாக்க வேண்டியதுதானே."

தம்பி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல் அழுதான். பஸ் நகரவில்லை, கண்டக்டர் வெளியே வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். டைம் கீப்பர் மூன்றாவது தடவையாக விசில் அடித்தார்.