திரும்ப மறுத்த டிராக்டர்

மலேசியாவில் பத்து காஜா ஊர்ப் பக்கம், எங்கள் பழைய தோட்டத்து அம்மன் கோயில் ரதத்தை இழுப்பது என் டிராக்டர்தான். அதற்கு என்னைவிட வயது அதிகம். மூன்று சிலிண்டர் டீசல் இன்ஜின், நாற்பத்தைந்து குதிரைசக்தி, முன்னே போக ஆறு கியர், பின்னே வர இரண்டு. பவர் ஸ்டியரிங் கிடையாது. ஒரு வளைவு திரும்புவதற்குள் தோள் கழன்றுவிடும். ஆனால் மெதுவோட்டத்துக்கான லோவில் முதல் கியர் போட்டால் ஆள் நடையைவிட மெதுவாக ஊரும். நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்காமல் வாசித்துக்கொண்டே வரலாம். புது டிராக்டர்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

வலது குதிகால் பக்கத்தில் சின்ன மிதி ஒன்று உண்டு. அதை அழுத்தினால் பின்சக்கரம் இரண்டும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். சேற்றிலிருந்து ஏற அது போதும். ஆனால் பூட்டியிருக்கும்வரை வண்டி நேராகத்தான் போகும்.

போன திருவிழாவில் கோயில் கமிட்டி ஊர்வலத்தைச் சுருக்கிவிட்டது. முச்சந்தியில் வலப்பக்கம் திரும்பிக் கோயிலுக்கு வந்துவிட வேண்டுமாம். திரும்பாமல் நேரே போனால் கடைசி வீடு என் அக்காவுடையது. மழையில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கிடந்தாள். ரதம் பார்க்காத வருடமே அவளுக்கு இல்லை. கமிட்டித் தலைவரிடம் கெஞ்சிப் பார்த்தேன், மசியவில்லை. வேறு வண்டி பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது, அக்காதான் தடுத்தாள்.

கோயிலிலிருந்து முச்சந்திவரை நேர்ரோடு. அங்கே போய் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தேன். முன்சக்கரம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தேன். டிராக்டரில் வாழை கட்டியவர்கள், மிச்சக் கயிற்றை அந்த மிதியில் சுற்றிக் கீழே இழுத்து இறுக்கியிருந்தார்கள். கால் வைக்க ஏதோ கம்பி என்று நினைத்திருப்பார்கள்.

அவிழ்க்கக் கை போனது. அதற்குள் பூசாரி தலைவரிடம் சொன்னார்:

"ஆத்தா நேரா போகணும்னு நிக்குறா. விட்டுருங்க லா."

தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் கையை எடுத்துவிட்டு நேராக விட்டேன்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அக்கா, ரதத்தைக் கண்டதும் ஒற்றைக் காலில் எழுந்துவிட்டாள். தீபத்தைக் கண்ணில் ஒற்றியபடி அழுதாள், சிரித்தாள். எல்லோரும் அவளையே பார்த்த நேரத்தில் நான் கயிற்றை அவிழ்த்தேன்.

"பாத்தியா தம்பி, என்னத் தேடியே வந்துட்டா" என்றாள்.

ஆமாம் என்றேன். பொய் சொன்னதாக இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.