பிந்தி வந்தவருக்கே இடம்

இதைக் கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் தாராளமாகப் படியுங்கள். என் வலது கையில் இரண்டு விரல் நுனிகள் இன்றைக்கும் மரத்துக் கிடக்கின்றன. ஆஸ்பத்திரிச் சீட்டில் தேதி இருக்கிறது. ஜனவரி ஒன்பது. கூட்டிச் சொல்லவும் இல்லை, குறைத்துச் சொல்லவும் இல்லை.

என் பெயர் மாரிசெல். பிலிப்பைன்ஸில் இலோயிலோ பக்கம் பிறந்தவள். பின்லாந்தின் வடகோடியில் ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை. அது எனக்கு நாலாவது குளிர்காலம். கிறிஸ்துமஸ் கூட்டம் வடிந்துவிட்டது. என்னோடு அறையில் இருந்த பெண்ணும் மணிலாவுக்குப் போய்விட்டாள். அம்மாவின் குரலைக் கேட்டால் அழுகை வருகிறது என்று போன் செய்வதையும் குறைத்திருந்தேன். தனிமை பழகிவிடும் என்பார்கள். பொய். பேசாமல் இருக்கத்தான் பழகும்.

அன்று எனக்கு விடுமுறை. ஏரிக்கு அக்கரையில் உள்ள குடிலுக்குப் போய், அடுப்பு மூட்டி, ஒரு காபி குடித்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். வாசலில் பெத்தேரி பிடித்துக்கொண்டான். ஹோட்டலின் பனிவண்டி ஓட்டுகிறவன். என் வயசுதான். அந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே சிநேகிதன்.

"மைனஸ் இருபத்தேழு. இதுல தனியாப் போறியே, என்ன வேண்டுதலா?"

"ஒரு நாளாவது உன் மூஞ்சியப் பாக்காம இருக்கலாம்னுதான்."

"ஏரிக்கரைக் குடில்தான? நாலு மணிக்குள்ள வந்துடு. வரலன்னா தேடி வந்து திட்டுவேன்."

ஏரிக்கரையில் இரண்டு குடில்கள் இருப்பது எனக்குத் தெரியாது. என் கையில் இருந்தது ஹோட்டல் அலமாரியில் கிடந்த பழைய வரைபடம்.

அந்தக் காட்டுக் குடில்களுக்குப் பூட்டு கிடையாது. யார் வேண்டுமானாலும் தங்கலாம். ஒரே ஒரு வழக்கம் உண்டு. பிந்தி வந்தவருக்கே இடம். முந்தி வந்தவர் குளிர்காய்ந்து முடித்திருப்பார், அதனால் அவர் எழுந்து போக வேண்டும். முந்துகிறவனுக்கே எல்லாம் என்கிற உலகத்தில் இது எனக்கு மிகவும் பிடித்த வழக்கம்.

2.45க்குப் போய்ச் சேர்ந்தேன். ஜனவரியில் அங்கே அந்த நேரத்துக்கே கும்மிருட்டு. கதவில் ஏதோ பலகை அடித்திருந்தது. அதன் மேல் பனி அப்பிக் கிடந்தது. சுரண்டிப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. வாசலில் முழங்கால் அளவு பனி, ஒரு காலடி கூட இல்லை. அதனால் உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்தேன்.

இருந்தான்.

பெஞ்சின் ஓரத்தில் ஒரு பையன். இருபது, இருபத்தொன்று இருக்கும். மெல்லிய சட்டை. காலில் உறை மட்டும். அடுப்பில் நெருப்பு இல்லை.

என் கைவிளக்கைப் பார்த்துச் சிரித்தான்.

"வந்துட்டியா… அப்பாடா."

"குளிரலையா உனக்கு?"

"பழகிடுச்சு."

பெயர் நூனோ என்றான். போர்த்துகல். படிக்க வந்தவனாம். நானும் அந்நிய நாட்டுக்காரி, அவனும் அந்நிய நாட்டுக்காரன். சொன்னால் வெட்கம், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்று வாரமாகப் பெத்தேரியைத் தவிர யாரும் வேலை விஷயம் தாண்டி என்னோடு பேசவில்லை. அடுப்பை மூட்டிவிட்டு மெழுகுவர்த்தி ஏற்றினேன். காபி கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டான், குடிக்கவில்லை. ஊரில் அவன் அம்மா வறுக்கிற மீனைப் பற்றிச் சொன்னான். நான் எங்கள் வீட்டுக் கருவாட்டைப் பற்றிச் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

பேசப் பேச என் மூச்சு புகையாக வந்தது.

அவனுக்கு வரவில்லை…

அதை அப்போதே பார்த்தேன். பார்த்தும், பேச ஆள் கிடைத்த ஆசையில், பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

3.20. விறகு எரிந்து செந்தணலாகிவிட்டது. அவன் எழுந்தான். புகைப்போக்கியின் தகட்டைக் கையால் தள்ளி மூடினான்.

கிரீச்… டக்.

"இனி சூடு வெளிய போகாது. நான் கிளம்பறேன். பிந்தி வந்தவ நீ. இடம் உன்னுது."

"பூட்ஸ் எங்க?"

கதவு திறந்தது. மூடியது.

3.30. தலை வலித்தது. வெளியே எட்டிப் பார்த்தேன். நட்சத்திர வெளிச்சம். பனியில் ஒரே ஒரு தடம். ஏரியிலிருந்து வாசலுக்கு வருகிற தடம்.

என்னுடையது.

வாசலை விட்டுப் போகிற தடம் இல்லை.

ஓடியிருக்க வேண்டும். ஓடத்தான் நினைத்தேன். கால் திரும்பி உள்ளே வந்தது. கதவைச் சாத்தியது என் கைதான். உட்கார்ந்தேன். உயிர் போய்விடும், எழுந்திரு என்று மனசு கத்தியது. தணலில் இருந்து ஒரு சத்தமும் இல்லை.

3.50. உடம்பு கனத்தது.

குளிரவில்லை.

யாராவது வரட்டும்… போகலாம்…

யாராவது…

கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. மூக்கில் பிராணவாயுக் குழாய். பக்கத்தில் பெத்தேரி. புதுக் குடிலில் என்னைக் காணாமல், பனியில் என் தடத்தைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான். கதவைத் திறந்தபோது மணி 4.35. இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் பிழைத்திருக்கமாட்டாள் என்றாராம் டாக்டர். தணல் அணையும் முன் தகட்டை மூடினால் விஷக்காற்று அறையிலேயே தங்கிவிடும். அங்கே பிறந்த குழந்தைக்குக் கூடத் தெரிந்த விஷயம். எங்களைப் போல வெயில் ஊரிலிருந்து வந்தவர்களுக்குத்தான் தெரியாது.

"அந்தக் குடில இழுத்து மூடிப் பதினோரு வருஷமாச்சு. கதவுலயே பலகை அடிச்சிருக்கே, படிக்கலையா நீ? உன்ன மாதிரிதான் ஒருத்தன், தனியா வந்து தகட்ட மூடிட்டுத் தூங்கிட்டான். போர்த்துகல் பையன். பேரு நூனோவோ என்னமோ."

நான் அவனிடம் எந்தப் பெயரையும் சொல்லியிருக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும்," என்றான் பிறகு, குரலைத் தாழ்த்தி. "நான் உள்ள வந்ததும் கண்ணத் தொறந்து சிரிச்சியே, ஞாபகம் இருக்கா? 'வந்துட்டியா, அப்பாடா'ன்ன."

ஞாபகம் இல்லை. சத்தியமாக இல்லை.

நான் வேலைக்குத் திரும்பிய நாளில் பெத்தேரி வரவில்லை. ஜனவரி பத்தொன்பது. அந்தக் குடிலில் கண்டுபிடித்தார்கள். அடுப்பு மூட்டவில்லை. மெல்லிய சட்டையோடு, சுகமாக உட்கார்ந்திருந்தானாம். வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். மறுநாளே திரும்ப அந்தக் குடிலுக்கே போய் உட்கார்ந்துவிட்டான். உடம்பில் ஒரு நோயும் இல்லை என்கிறார்கள் டாக்டர்கள். இப்போது கூப்பிடப் போகிறவர்கள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். யாருக்கும் உள்ளே நுழைய மனசு வருவதில்லை. ஏன் என்று அவர்களுக்கே தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

அவன் அம்மா ஐலா வாரம் ஒரு முறை போன் செய்கிறாள்.

"உன்னத் தேடிப் போனவன்தானம்மா. நீ ஒரு தடவ உள்ள போய்க் கூப்பிடேன். உனக்காக வருவான்."

வருவான். நான் உள்ளே போனால் அவன் வெளியே வந்துவிடுவான். அது எனக்கு நன்றாகத் தெரியும். கால் வலி என்கிறேன், வேலை என்கிறேன். என் உயிரைக் காப்பாற்றியவனுக்கு நான் செய்வது இவ்வளவுதான். வெட்கமாக இருக்கிறது. பயம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது.

நேற்று வியட்நாமிலிருந்து ஒரு பெண் புதிதாக வேலைக்குச் சேர்ந்தாள். பத்தொன்பது வயது. முதல் குளிர்காலம். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, லீவு நாள்ல தனியாப் போய் உக்கார அமைதியா ஒரு இடம் இருக்கா இங்க?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.